மன்னர் இறந்த செய்தி கப்பலுக்குத் தெரியாது
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, 1715 செப்டம்பர் 20ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பல் தலைவர் டுஃப்ரென் டார்செல் நம் மொரீஷியஸைப் பிரெஞ்சு மன்னர் பெயரில் எடுத்துக்கொண்டார் என்று என் மகள் படித்தாள். பதினான்காம் லூயி செப்டம்பர் 1ஆம் தேதியே இறந்துவிட்டாரே, அது செல்லுமா என்று கேட்கிறாள்.
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் அம்மா. நான் முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன். இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிள்ளை அபூர்வம்.

செல்லும். மன்னராட்சி இருந்த காலத்தில் பிரான்சில் அரியணை ஒரு நொடிகூடக் காலியாக இருக்காது. ஒருவர் மூச்சு நின்றதுமே அடுத்தவர் மன்னர். ரேம்ஸ் நகரத்து முடிசூட்டு விழா ஆற அமர நடக்கும். பதினைந்தாம் லூயிக்கு முடிசூட்டியது 1722இல், ஆனால் அவர் மன்னரானது 1715 செப்டம்பர் 1ஆம் தேதியே, ஐந்து வயதில். செய்தி கடல் தாண்டி வர மாதக்கணக்காகும். ஆகவே டார்செல் தமக்கே தெரியாமல் இந்தத் தீவை ஒரு குழந்தைக்குச் சேர்த்தார். போர்ட் லூயி என்ற பெயரும் அந்தக் குழந்தையுடையதுதான்.

பதினான்காம் லூயியின் மகன், பேரன் எல்லாரையும் தாண்டி அரியணை கொள்ளுப்பேரனான இந்தக் குழந்தைக்கு எப்படிப் போனது? அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1711 ஏப்ரலில் மகன் பெரியம்மையில் போனார். 1712 பிப்ரவரியில் பேரனும் அவர் மனைவியும் ஆறு நாள் இடைவெளியில் போனார்கள். மார்ச்சில் அவர்களுடைய மூத்த பிள்ளை. பதினொரு மாதத்தில் மூன்று பட்டத்து இளவரசர்கள்! அந்த மூத்த பிள்ளையின் உடலிலிருந்து வைத்தியர்கள் இரத்தம் எடுத்தார்கள். அதுதான் அப்போதைய வைத்தியம். இரண்டு வயதுத் தம்பிக்கும் காய்ச்சல். அவனை வளர்த்த மதாம் தெ வாந்தாதூர் வைத்தியர்களைக் கிட்டவே விடாமல் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பிழைத்தான். வளர்ந்து மன்னரான பிறகும் அவரை 'மாமான்' என்றே கூப்பிட்டார். நம் தெருப் பிள்ளைகள் வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிடும் அதே சொல்.

கேள்வி: பட்டத்து இளவரசருக்குத் 'தொஃபேன்' என்று ஏன் பெயர்? அது ஒரு கடல் விலங்கின் பெயர் ஆயிற்றே?
– வாசகர், தமரேன்

பதில்: காலையில் உங்கள் விரிகுடாவில் துள்ளும் அதே டால்பின்தான். தொஃபினே பகுதியின் பிரபுக்களுக்கு அது பட்டப்பெயர், கொடியிலும் அதுவே சின்னம். 1349இல் அந்தப் பகுதி பிரெஞ்சு அரச குடும்பத்தின் கைக்கு வந்தது. பட்டமும் கூடவே வந்து வாரிசுக்கு வழக்கமாகி, 1830 வரை நீடித்தது. இன்னொன்று: அந்நாளில் மன்னரின் அடுத்த தம்பியைப் பெயர் சொல்லாமல் 'முஸ்யே' (ஐயா) என்றுமட்டும் அழைப்பார்கள். இன்று மீன் கடையில் நம்மை அழைப்பதும் அப்படித்தான்.

கேள்வி: பிரான்சில் ராணி ஏன் அரசாளவில்லை?
– வாசகி, வகுவா

பதில்: பெண்ணுக்கு உரிமையில்லை என்ற பழஞ்சட்டத்தைச் சொல்வார்கள். முடிவு முதலில் வந்தது, சட்டத்தைப் பிறகுதான் தேடினார்கள் என்பதே என் எண்ணம். 1316இல் பத்தாம் லூயி இறந்தார். அதன் பிறகு பிறந்த மகன் ஐந்தே நாள் வாழ்ந்தான். மூத்தாள் மகள் ழான் இருந்தாள், சிறுமி. அவளை ஒதுக்கிவிட்டுச் சித்தப்பா அரியணை ஏறினார். 1328இல் அந்த அண்ணன் தம்பிகள் யாருக்கும் ஆண் வாரிசு மிஞ்சவில்லை. அவர்களுடைய தந்தை நான்காம் ஃபிலிப்பின் மகள் வயிற்றுப் பேரன் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட். அந்தத் தந்தையின் தம்பி மகன் வாலுவா ஃபிலிப். பிரபுக்கள் தம்பி மகனைத் தேர்ந்தார்கள். 1337இல் தொடங்கிய நூறாண்டுப் போருக்கு இதுவும் ஒரு காரணம்.

அரியணையில் மகளுக்கு இடம் தராத அதே நாட்டில்தான், புரட்சிக்குப் பிறகு, மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்ற சிவில் சட்டம் வந்தது. அது நம் தீவுக்கும் வந்தது. எங்கள் தாத்தாவின் ஓர் ஆர்பான் (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) கரும்பு நிலத்தை அளந்தபின் நோட்டேர் (சொத்துப் பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்) அம்மாவுக்குப் பாதி, மாமாவுக்குப் பாதி என்று எழுதினார். மாமா இரண்டு வருஷம் எங்களோடு பேசவில்லை. அம்மா பங்கில் இருக்கும் லிச்சி மரம் இந்த டிசம்பரிலும் காய்த்தது. முதல் கூடையை மாமா வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பினோம்.