ஃபிளின்ட் நகரில் குடிநீரில் காரீயம் கலந்தது எப்படி, அரசு என்ன செய்தது?

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயம், நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட், செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் தண்ணீரை விட்டு ஃபிளின்ட் ஆற்றுக்கு மாறியது. ஆற்றில் காரீயம் இல்லை. அது இருந்தது வீடுகளுக்குப் போகும் பழைய குழாய்களில். டெட்ராய்ட் தண்ணீரில் சேர்த்திருந்த பாஸ்பேட், குழாயின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து காத்தது. ஆற்று நீரில் அதைச் சேர்க்கவில்லை; படலம் அரித்துப்போய், குழாயின் காரீயம் தண்ணீரில் இறங்கியது. பித்தளைப் பாத்திரத்தில் பூசிய வெள்ளீயம் தேய்ந்தபின் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு இறங்குமே, அதே கதைதான்.

நிறமும் நாற்றமும் மாறியதாக மக்கள் மாதக்கணக்கில் முறையிட்டார்கள். 2015 செப்டம்பரில் குழந்தைகள் நல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை வெளியிட்ட பிறகே அரசு அசைந்தது. அக்டோபரில் டெட்ராய்ட் தண்ணீர் திரும்பியது. வடிகட்டி, பாட்டில் தண்ணீர், ரத்தப் பரிசோதனை எல்லாம் வந்தன. ஆனாலும் நிலையான தீர்வு குழாய்களையே மாற்றுவதுதான். அதற்கு ஆண்டுகள் ஆயின.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்: கிருமி சாகும், காரீயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.