கேர் ஹோம் இன்ஸ்பெக்ஷன் பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

இங்கிலாந்துல ஒரு கேர் ஹோம்ல (வயசானவங்க, முடியாதவங்க தங்கி பராமரிப்பு வாங்குற இல்லம்) டெபுடி மேனேஜரா இருக்கேன். கேர் ஹோம்களை இன்ஸ்பெக்ஷன் பண்ற அமைப்பான சி.க்யூ.சி. வருதுன்னாலே நம்ம ஆளுங்க பலருக்கு வயித்த கலக்குது, அதான் இந்த கேள்வி பதில். ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு வேற அமைப்பு, அதுக்கு நான் சொல்றது பொருந்தாது.

கேள்வி: அக்கா, வர்றதுக்கு முன்னாடி சொல்வாங்களா? எங்க மேனேஜர் இப்பவே பெயின்ட் அடிக்க ஆரம்பிச்சிட்டாரு.

பதில்: பெரும்பாலும் சொல்லாமத்தான் வருவாங்க. பெயின்ட் இருக்கட்டும்பா, ஃபயர் டோருக்கு நாற்காலி முட்டு கொடுத்து திறந்து வச்சிருக்காங்களான்னு முதல்ல பாரு. தீ பிடிச்சா புகைய தடுக்கத்தான் அந்த கதவே.

கேள்வி: நான் வெறும் கேரர். என்கிட்டயுமா பேசுவாங்க? எனக்கு இங்கிலீஷ் தடுமாறும்.

பதில்: உங்ககிட்டதாங்க அதிகமா பேசுவாங்க. இங்கிலீஷ் பரீட்சை இல்ல, உங்க ரெசிடென்ட்டை, அதாவது ஹோம்ல தங்கி இருக்கிறவங்கள, உங்களுக்கு தெரியுதான்னு தான் பார்க்கிறாங்க, அந்த அம்மாவுக்கு முழுங்க கஷ்டமா, தண்ணிய கெட்டியாக்க திக்னர் பவுடர் போடணுமா, எந்த அளவு கெட்டி, அந்த பவுடரை எங்க வைக்கிறீங்க (பூட்டித்தான் வைக்கணும், டிமென்ஷியா, அதாவது மறதி நோய் உள்ளவங்க எடுத்து அப்படியே வாயில போட்டு தொண்டைய அடைச்சிருக்கு), ஹாய்ஸ்ட்ல (ஆளைத் தூக்குற மெஷின்) தூக்க எந்த சைஸ் ஸ்லிங் (ஆளை உட்கார வைக்கிற துணி), எத்தனை பேர் கூட நிக்கணும், ராத்திரி தீ பிடிச்சா அவங்கள எப்படி வெளிய கொண்டு வருவீங்க, இதெல்லாம். அப்புறம் லவுஞ்ச்ல ஒரு ஓரமா சும்மா உட்கார்ந்து பார்த்துட்டே இருப்பாங்க, அதுக்கு சோஃபின்னு ஒரு முறையே இருக்கு, பேச முடியாதவங்கள நாம எப்படி நடத்துறோம்னு அதுல தெரிஞ்சிடும். முகத்தை பார்க்காம சோறு ஊட்டுறவங்க அங்கதான் மாட்டுவாங்க. நியாயம்தான்!

கேள்வி: மெயின்டனன்ஸ் ஆளு நான். எதை ரெடியா வைக்கணும்?

பதில்: குளிக்கிற, ஷவர் தண்ணி சூடு 44 டிகிரிக்கு மேல போகக்கூடாது, ஜன்னல் 100 மில்லிமீட்டருக்கு மேல திறக்கக்கூடாது. ஹாய்ஸ்ட், ஸ்லிங் ரெண்டுக்கும் 6 மாசத்துக்கு ஒரு தடவை லோலர் செக் (தூக்குற கருவிகளுக்கு சட்டப்படி பண்ற பரிசோதனை). ஸ்லிங்கை நிறைய பேர் மறந்துடுறாங்க.

கேள்வி: மார் சார்ட்ல (மருந்து கொடுத்ததும் கையெழுத்து போடற தாள்) போன வாரத்து கையெழுத்து விட்டுப்போச்சு. இப்ப போட்டுடுன்னு மேல சொல்றாங்க.

பதில்: போடாதீங்க. சத்தியமா போடாதீங்க. காலி கட்டம் ஒரு தப்பு, அதை பின்னாடி நிரப்புறது பொய். மாத்திரைய எண்ணிப் பாருங்க, கொடுத்தாச்சான்னு தெரியும், இன்சிடென்ட் ஃபார்ம் எழுதி இன்னைக்கு தேதிய போடுங்க. விட்டுப்போனதை நீங்களே கண்டுபிடிச்சு எழுதி வச்சிருந்தா அது ஹோமுக்கு நல்ல பேரு தான்.

கேள்வி: அம்மா ஹாரோவில ஒரு ஹோமில இருக்கிறா. 'குட்' எண்டு வாசலில ஒட்டியிருக்கு. நம்பலாமோ அக்கா?

பதில்: ரிப்போர்ட் எந்த வருஷத்துதுன்னு முதல்ல பாருங்க தங்கச்சி. அதுக்கப்புறம் மேனேஜரே மாறியிருக்கலாம். அவுட்ஸ்டேண்டிங், குட், ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட், இனடிக்வேட்னு நாலு ரேட்டிங். அதை விட்டுட்டு 'சேஃப்'ங்கற பகுதிய முழுசா படிங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை போய் பாருங்க, பெல் அடிச்சா யார் எவ்வளவு நேரத்துல வர்றாங்கன்னு கவனிங்க. புகார் இருந்தா முதல்ல ஹோம்ல எழுத்துல கொடுங்க, தீரலைன்னா ஆம்பட்ஸ்மேன், அதாவது புகாரை விசாரிக்கிற தனி அதிகாரி. தனி ஒருத்தர் புகாரை சி.க்யூ.சி. தீர்த்து வைக்காது, ஆனா சொல்லி வைங்க, அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு அது உதவும். அடி, காயம், பயம்னா உடனே உள்ளூர் கவுன்சில்ல சேஃப்கார்டிங் டீம்கிட்ட (பாதுகாப்பு விஷயத்தை பார்க்கிறவங்க) சொல்லுங்க.

கேள்வி: ஹோமே ஸ்பான்சர் பண்ற வேலை விசால இருக்கேன். தப்பை பார்த்து சொன்னா வேலை போகுமா?

பதில்: பேர் சொல்லாமலே சி.க்யூ.சி.கிட்ட சொல்லலாம், 1998லயே இதுக்கு பாதுகாப்பு சட்டமும் இருக்கு. ஆனா சின்ன ஹோம்ல யார் சொன்னதுன்னு ஊகிச்சிடுவாங்க, அதையும் மறைக்க மாட்டேன். ஸ்பான்சர்ஷிப் போனா வேற இடம் தேட பொதுவா 60 நாள் தான் கிடைக்கும். அதனால யூனியன்ல சேர்ந்துட்டு, தேதி, நேரம், பார்த்தது எல்லாம் எழுதி வச்சிட்டு சொல்லுங்க. ரெசிடென்ட்டை மட்டும் போன்ல போட்டோ எடுத்துடாதீங்க, கேஸ் உங்க மேலயே திரும்பிடும்.