பட்ட மரம்தானே என்று வெட்டிவிடலாமா?

கேள்வி: சிட்னிக்கு மேற்கே, புளூ மவுண்டன்ஸ் மலையடிவாரத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். வீட்டுச் சுவரிலிருந்து 18 மீட்டர் தள்ளி, பட்டுப்போன பெரிய யூகலிப்டஸ் மரம் ஒன்று நிற்கிறது. அதன் பொந்துகளில் ரொசெல்லாக் கிளிகள் வந்துபோகின்றன. பட்ட மரத்துக்கு அனுமதி தேவையில்லை, சனிக்கிழமையே வெட்டித் தருகிறேன் என்கிறார் ஓர் ஒப்பந்தக்காரர். வெட்டலாமா?

பதில்: வெட்ட வேண்டாம், குறைந்தது இந்தச் சனிக்கிழமை வேண்டாம்.

ஒப்பந்தக்காரர் சட்டத்தில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். சிட்னி அடங்கிய நியூ சவுத் வேல்ஸ் மாநில விதிப்படி, பட்டுப்போன மரத்துக்கு அனுமதி தேவையில்லை என்ற விலக்கு, அம்மரம் அந்நாட்டுக்கே உரிய விலங்கு, பறவைகளுக்கு வாழிடமாகத் தேவைப்படவில்லை என்று உள்ளாட்சிக் கவுன்சில் திருப்தியடைந்தால் மட்டுமே பொருந்தும். மரம் பட்டுப்போயிருக்க வேண்டும், வாழிடமாகவும் இருக்கக் கூடாது, இரண்டையும் ஏற்பது கவுன்சிலாக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் தீர்ப்பு அங்கே செல்லாது. கிளிகள் புழங்கும் பொந்தை நீங்களே பார்த்துவிட்டதால், இந்த விலக்கை நம்பி மரத்தில் கை வைக்க முடியாது. காட்டுத்தீக்காக 2014இல் வந்த 10/50 விதியும் உதவாது: அதன்படி மரத்தை வெட்டுவது வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மட்டுமே, 50 மீட்டர் வரை அகற்றலாம் என்பது புதர்களைத்தான்.

ஆஸ்திரேலியாவில் மரங்கொத்திப் பறவையே கிடையாது. அதனால் யூகலிப்டஸ் காட்டில் பொந்து உண்டாவது பூஞ்சையாலும் கரையானாலும் தீயாலும் கிளை முறிவதாலும்தான். பெரிய பொந்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஏறத்தாழ 300 முதுகெலும்புள்ள உயிரினங்கள் இப்படிப்பட்ட பொந்துகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றுள் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கிளைடர்களும், மரமேறும் பாசம்களும் பகலில் உள்ளே உறங்குபவை. ஆகவே, பகலில் மரத்தைத் தட்டிப்பார்த்து, சத்தமில்லை, காலிதான் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பெட்டிக்கூடு மாட்டினால் ஈடாகிவிடும் என்பதும் விற்பவர் பேச்சே. மெல்லிய பலகைப்பெட்டி கோடையில் கொதிக்கும், சில ஆண்டுகளில் இற்றுவிடும், மைனாவும் தேனீயும் முந்திக்கொள்ளும்.

உங்கள் உண்மையான கவலை மரம் வீட்டின்மேல் விழுமா என்பதே. உயரத்தை அளக்கச் செய்யுங்கள். 18 மீட்டருக்குக் குறைவானால் கூரைக்கு எட்டாது. அதிகமானால், அனுமதி பெற்று மேற்பகுதியை மட்டும் இறக்கி, பொந்துள்ள அடிமரத்தை நிறுத்திவைக்கலாம். இதற்கான அறிக்கையை, வெட்டும் வேலையில் பங்கில்லாத மரவியல் ஆலோசகரிடம் பணம் கொடுத்து வாங்குங்கள். அறிக்கை எழுதுபவரே வெட்டும் கூலியையும் வாங்கினால், எந்த மரமும் ஆபத்தானதாகவே தெரியும். புயலுக்கு மறுநாள் கதவைத் தட்டுபவர்களிடம் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

10/50 விதி பொருந்துமா என்று முகவரியைத் தட்டினால் இணையத்தில் நிமிடத்தில் விடை வருகிறது. மரத்தைக் காப்பாற்ற வழி கேட்பவர்தான் படிவமும் கட்டணமுமாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த முறையை வகுத்தவர்களை என்ன சொல்வது! இருந்தாலும் விண்ணப்பியுங்கள்; கவுன்சிலின் பதில் எழுத்தில் வரும்வரை ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.