டிரமடால் மாத்திரையைக் குறைத்தால் அம்மாவால் நடமாட முடியுமா?

பல வருட முதுகுவலிக்கு டிரமடால் எடுக்கும் அம்மாவுக்கு, வலியைப் பற்றி விளக்கிச் சொல்லியே அதைக் குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் டாக்டர் துணையோடு, மெதுவாக.

என் அம்மா கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். இடுப்புவலிக்கு ஆரம்பித்த டிரமடால் அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு வேளை தவறினாலே வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு. "பாரு, மாத்திரை இல்லேன்னா என்ன பாடுன்னு" என்பார். மாத்திரைக்குப் பழகிய உடம்பு அதைக் கேட்டுப் படுத்தும் பாடு அது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அது மார்ஃபின் வகையைச் சேர்ந்தது, 2018 முதல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதும் தெரியாது.

குன்னூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் உட்கார்ந்து பேசினார். அம்மா எக்ஸ்ரேயை நீட்டி, "முதுகெலும்புத் தட்டு தேஞ்சு போச்சுங்க, குனியவே பயமா இருக்கு" என்றார். "உங்க வயசுல வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரே இப்படித்தான் இருக்கும்மா. நாள்பட்ட வலியில நரம்பு சும்மாவே கத்திக்கிட்டு இருக்கும். வலிச்சா உள்ள ஏதோ உடையுதுன்னு அர்த்தமில்ல." பிறகு தரையில் ஒரு துண்டைப் போட்டு எடுக்கச் சொன்னார். அம்மா மூச்சைப் பிடித்தபடி பாதியில் நின்றுவிட்டார். மூச்சை விட்டுக்கொண்டே குனியச் சொன்னதும் விரல் துண்டைத் தொட்டது. அம்மா எக்ஸ்ரேயைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் டாக்டர் அளவைக் குறைக்கத் தொடங்கினார். வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாக என்பது அமெரிக்காவின் 2022 வழிகாட்டி. ஐப்பசி மழைக் குளிரில் வலி ஏறியபோது குறைப்பதை நிறுத்திவைத்தோம். பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

இங்கிலாந்தில், நாள்பட்ட வலிக்கு மார்ஃபின் வகை மருந்து எடுத்துவந்த 608 பேரிடம் நடந்த ஐ-வாட்ச் ஆய்வு 2023இல் வெளியானது. குழுவாக உட்காரவைத்து வலியைப் பற்றி விளக்கி, தனித்தனியாகவும் துணைநின்றதில், ஓராண்டில் 29 சதவீதம் பேர் இந்த வகை மருந்துகளை முழுதாக விட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒரு கையேடும் சிடியும் மட்டும் பெற்றவர்களில் 7 சதவீதம். வலி அன்றாட வேலையைக் கெடுப்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல்: மருந்தைக் குறைத்தவர்கள் அதனால் முடங்கிப்போகவில்லை.

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் சில டிரமடாலோடு சேர்ந்தால் வலிப்பு வரலாம். திடீரென்று நிறுத்தாதீர்கள். புற்றுநோய் வலி என்றால் நான் சொன்னது பொருந்தாது. அங்கே மார்ஃபின் அவசியமான மருந்து, தயங்காமல் கொடுக்க வேண்டும்.