திட்டும் விமர்சகர்கள் எங்கே போனார்கள்?

அன்புள்ள அண்ணனுக்கு,

ராக் இசையைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு ஒரு ஆதங்கம். அந்தக் காலத்து விமர்சகர்கள் பிடிக்காததை முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்று எழுதினார்கள். இப்போது எதை எடுத்தாலும் புகழ்ச்சிதான். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நாள் முழுக்கக் கொரியப் பாட்டு. தாங்களே எழுதாமல், ஒரு கருவியும் வாசிக்காமல் ஆடிக்கொண்டே பாடுகிற பிள்ளைகளைப் பற்றிப் பெரிய பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. கிதார் எடுத்தவர்களைக் கவனிக்க ஆளில்லை. விமர்சனம் செத்துவிட்டது என்றே நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதி எனக்கும் உள்ள வருத்தம். மறுபாதியை ஏற்க முடியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தானே எழுதி, தானே வாசித்தால்தான் கலைஞன் என்ற அளவுகோல் நம் ஊரில் இருந்ததே இல்லை. பாட்டெழுத ஒருவர், மெட்டமைக்க ஒருவர், பாட ஒருவர் என்றுதான் நம் சினிமாப் பாட்டு வளர்ந்தது. எஸ்.பி.பி. அந்த வரியை எழுதவில்லையே என்று வடசேரி டீக்கடையில் யாரும் குறைப்பட்டதில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். 1959-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தில், சுப்ரீம்ஸ் குழுவின் பெண்கள் பாடிப் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றை எழுதியது ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் என்ற மூவர். வாசித்தது நிறுவனத்தின் வாத்தியக் குழு. அந்தப் பாடல்களை இன்றும் கேட்கிறோம். அப்புறம், கொரியக் குழுக்களிலும் பிடிஎஸ் போலத் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதுபவர்கள் உண்டு.

இந்த அளவுகோலுக்குப் பின்னால் கசப்பான ஒரு வரலாறும் இருக்கிறது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, டிஸ்கோவை வெறுத்த ராக் ரசிகர்கள் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததில் இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. டிஸ்கோ, கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் தன்பால் விருப்பம் கொண்டவர்களும் கூடிய கிளப்புகளில் பிறந்த இசை. 2004-இல் நியூயார்க் டைம்ஸில் இசை விமர்சகர் கெலெஃபா சன்னே, ராக்கை மட்டுமே அளவுகோலாக்கும் இந்தப் பார்வையை 'ராக்கிசம்' என்று கண்டித்து எழுதிய கட்டுரையில் அந்த டிஸ்கோ எதிர்ப்பையும் நினைவுபடுத்தினார். கிதார் மட்டுமே உண்மை, ஆட்டம் எல்லாம் போலி என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் பரவலாகக் கேள்விக்குள்ளானது. அது நல்ல மாற்றம். அதிலிருந்து நான் பின்வாங்க மாட்டேன்.

சரி, இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

கல்லூரி நாட்களில், வளைகுடாவிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த கேசட்டில்தான் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தைக் கேட்டேன். 1969-இல் வந்தபோது அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இசை இதழ் அதைக் கிழித்துப் போட்டது என்று பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. ஜான் மெண்டல்சோன் எழுதியிருந்தார். குழுவின் ஜிம்மி பேஜ் தேர்ந்த கிதார் கலைஞர்தான், ஆனால் எழுதும் பாட்டுகளில் வலுவில்லை, இன்னொரு கிதார் கலைஞரான ஜெஃப் பெக்கின் குழு ஏற்கெனவே செய்ததற்கு மேல் இதில் அதிகமில்லை என்பது அவர் வாதம். எனக்குக் கோபம் வந்தது. அதே கோபத்தோடு ஜெஃப் பெக்கைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். இரண்டையும் மாறி மாறிக் கேட்டதில், செப்பலின் பாட்டில் டிரம்ஸ் எந்த இடத்தில் கனம் ஏற்றுகிறது என்பது முதன்முதலாகக் காதில் விழுந்தது. 2003-இல் அதே இதழ் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் அது 29-ஆம் இடம். மெண்டல்சோனின் தீர்ப்பு தப்பிப்போனது, ஆனால் எனக்குக் கேட்கக் கற்றுத்தந்தது அவர்தான்.

விமர்சனம் இப்படிக் காதைத் திறப்பதை நான் முதலில் பார்த்தது எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில். வில்லுப்பாட்டு நடக்கும்போது எங்கள் பாட்டா (தாத்தா) முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். ஓர் ஆண்டு சுடலைமாடன் கதை உச்சிக்குப் போன நேரத்தில் சாமியாடி அசையாமல் நின்றார். "உடுக்கு பிந்திப் போச்சுலே, பொறவு சாமி எப்பிடி வரும்?" என்றார் பாட்டா. குடம் அடித்தவர் காதிலும் விழுந்திருக்கும். இடைவேளையில் உடுக்குக்காரர் பாட்டாவிடம் வந்து நின்று நெடுநேரம் வாதாடினார். யாரும் யாரையும் மிரட்டவில்லை.

இன்று இல்லாமல் போனது அந்த வாதம்தான். 2024-இல் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் புதிய ஆல்பத்துக்கு பேஸ்ட் என்ற இசை இதழ் கடுமையான விமர்சனம் வெளியிட்டபோது எழுதியவர் பெயரைப் போடவில்லை. 2019-இல் ஸ்விஃப்டின் இன்னோர் ஆல்பத்துக்கு அந்த இதழில் விமர்சனம் எழுதியவருக்கு மிரட்டல்கள் வந்திருந்தன. அதே 2024 ஜனவரியில், ஆல்பங்களுக்குத் தசமப் புள்ளியோடு மதிப்பெண் போட்டுவந்த பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழை, அதன் உரிமையாளர்கள் ஆண்களுக்கான ஜிக்யூ இதழோடு சேர்த்துவிட்டார்கள். ஒருபுறம் ரசிகர்களின் கோபம், மறுபுறம் கைவிடும் முதலாளி. நடுவில் நிற்கும் எழுத்தாளர் புகழ்ந்துவிட்டுப் போவதில் எனக்கு ஆச்சரியமில்லை. வருத்தம் நிறைய உண்டு. எல்லா இசைக்கும் மரியாதை கொடுக்கத் தொடங்கிய நல்ல காரியம், ஏற்கெனவே ஜெயித்தவரை இன்னொரு முறை வாழ்த்துவதாகச் சுருங்கியிருக்கிறது.

கிதாருக்கு ஆளில்லை என்கிறீர்கள். களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். அங்கிருந்து வந்த அவியல் குழு 2008-இல் மலையாளத்தில் ஒரு முழு ராக் ஆல்பம் போட்டது. நாட்டுப்பாட்டின் மேல் கிதாரைப் போர்த்தியிருக்கிறார்களா, பாட்டுக்குள்ளிருந்தே கிதார் கிளம்புகிறதா என்று நண்பர்கள் நாங்கள் ஓர் இரவு முழுக்கச் சண்டை போட்டோம். நான் இரண்டாவது கட்சி. இன்றும் அதுதான்.

உங்கள் மகளிடம் அவருக்கு மிகப் பிடித்த ஒரே ஒரு பாட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த இடத்தில் ஒலியைக் கூட்டுகிறார் என்று கவனியுங்கள். மூன்று முறை கேட்ட பிறகு எனக்கு எழுதுங்கள். அது ஏன் சரியில்லை என்று எழுதினாலும் இங்கே வெளியிடுகிறேன், மகளின் பதிலோடு சேர்த்து.

அன்புடன்,
அண்ணன்