நியூஃபவுண்ட்லாந்துக்கு வரப்போகிறவர்கள் கேட்டவை

தூத்துக்குடியில் பிறந்தவள் நான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் உள்ள செயின்ட் ஜான்ஸில் இது எனக்குப் பதினோராவது குளிர்காலம். ஆகஸ்ட் வந்தாலே புதிதாக வருகிறவர்களின் கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா, டிக்கெட் போடுகிறேன். செயின்ட் ஜான், செயின்ட் ஜான்ஸ் இரண்டும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை! செயின்ட் ஜான் இருப்பது நியூ பிரன்சுவிக் என்ற வேறு மாகாணத்தில். உனக்கு வேண்டியது கடைசியில் 'ஸ்' உள்ள ஊர். தீவின் பெயரையும் இப்போதே பழகிக்கொள். 'அண்டர்ஸ்டாண்ட்' மாதிரி கடைசி அசையை அழுத்தி 'நியூஃபன்லாண்ட்' என்று சொல்ல வேண்டும்.

மெமோரியல் பல்கலையில் எம்.எஸ். கிடைத்திருக்கிறது. மைனஸ் 30-க்குத் தாங்கும் கோட்டு சென்னையிலேயே வாங்கிவிடவா?

வாங்காதே தம்பி. இங்கே மைனஸ் 30 வராது. ஜனவரியில் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். படுத்துவது காற்றும் ஈரமும். காலையில் பனி, மதியம் மழை, ராத்திரி எல்லாம் உறைந்து கண்ணாடி. மரக்கிளையெல்லாம் பனிக்கட்டி பூசி மின்னுவதை இங்கே 'சில்வர் தா' என்பார்கள். பார்க்க அழகு, நடந்தால் இடுப்பு போகும். காற்று புகாத, நீர் இறங்காத மேலங்கி ஒன்றும், உள்ளே போட கம்பளி இரண்டும், ஷூவுக்கடியில் மாட்டும் முள்பட்டையும் இங்கே வந்து வாங்கிக்கொள். குடை வேண்டாம். என் முதல் குடை மூன்றாம் நாளே குப்பைக்குப் போனது.

பனி ஆண்டுக்கு 3 மீட்டருக்கு மேல் கொட்டும். 2020 ஜனவரி 17 அன்று ஒரே நாளில் 76 செ.மீ. விழுந்தது. வாசல் கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். நகரம் ஒரு வாரம் அவசர நிலையில் கிடந்தது, ராணுவம் வந்து பனி அள்ளியது. அன்று கற்ற பாடம்: அரிசியும் பருப்பும் எப்போதும் பத்து நாளைக்கு இருக்கட்டும். இது தீவு. சரக்கெல்லாம் கப்பலில்தான் வருகிறது. புயலில் ஃபெர்ரி நின்றால் காய்கறித் தட்டு காலியாகிவிடும்.

வாடகை விளம்பரத்தில் 'பி.ஓ.யூ' என்று போட்டிருக்கிறார்கள். என்ன அது?

'பே ஓன் யுடிலிட்டீஸ்', அதாவது மின்சாரம் போன்ற கட்டணங்கள் உங்கள் தலையில் என்று அர்த்தம். இங்கே நிறைய வீடுகளில் சுவரோரம் பதித்த மின் ஹீட்டர்தான். அக்டோபரில் பில்லைப் பார்த்து 'அட, மலிவு' என்பீர்கள், பிப்ரவரியில் அழுவீர்கள். பழைய மர வீட்டின் பேஸ்மென்ட் என்றால், போன பிப்ரவரி பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் வேறு வீடு பாருங்கள். முன்பணமாக ஒரு மாத வாடகையில் முக்கால் பங்குக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

குடும்ப மருத்துவர் கிடைப்பாரா?

உடனே கிடைக்கமாட்டார். வந்ததும் மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான எம்.சி.பி. அட்டைக்கு விண்ணப்பித்து, காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். அதுவரை 811-க்கு அடித்தால் நர்ஸ் பேசுவார்.

அம்மாவிடம் பேச நேரக் கணக்கு குழப்பமாக இருக்கிறது.

கனடாவிலேயே நமக்குத்தான் சுலபம்! இந்தத் தீவின் கடிகாரம் அரை மணிக் கணக்கில் ஓடும், இந்தியாவும் அரை மணிக் கணக்கு. இரண்டும் கழிந்துபோய்க் குளிர்காலத்தில் சரியாக 9 மணி நேரம், கோடையில் 8. நிமிட முள் அம்மா வீட்டிலும் இங்கேயும் ஒரே இடத்தில் நிற்கும்.

கார் கட்டாயமா?

நகருக்குள் மெட்ரோபஸ் போதும், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஊரைத் தாண்ட கார் வேண்டும். ரயில் 1988-லேயே போய்விட்டது. இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் வேகம் வேண்டாம், மூஸ் என்ற ராட்சத மான் குறுக்கே வரும். 1904-ல் நாலே நாலைக் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது லட்சத்தைத் தாண்டிவிட்டது. நெட்டைக் கால், மோதினால் உடம்பு முழுக்க முன்கண்ணாடி வழியாக உள்ளே வரும்.

ராமேஸ்வரத்துக்காரன் நான். மீன் எப்படி அக்கா?

இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! இங்கே 'ஃபிஷ்' என்றாலே காட் மீன்தான். மற்றதையெல்லாம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தக் காட் அருகிப்போய், 1992 ஜூலை 2 அன்று அரசு பிடிக்கத் தடை போட்டது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். வணிகமாகப் பிடிக்க இருந்த அந்தத் தடையை 2024-ல்தான் முறைப்படி நீக்கினார்கள். எந்த வீட்டில் பேச்சுக் கொடுத்தாலும் அந்தக் கதையில் போய் நிற்கும். நம் கடலோரத்துக்காரர்களுக்கு அது சட்டென்று புரியும்.

கோடையில் குறிப்பிட்ட நாட்களில் உரிமம் இல்லாமலே வீட்டுச் சாப்பாட்டுக்கு நாளுக்கு ஆளுக்கு ஐந்து காட் பிடிக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது கேப்லின் என்ற சின்ன மீன். ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் முட்டையிட அலையோடு கரைக்கே வந்து புரளும். மிடில் கோவ் கடற்கரைக்கு வாளியோடு போ, அள்ளிக்கொண்டு வா. மிளகாய்ப்பொடி தடவிப் பொரித்தால் சாளைக்குத் தம்பி. தேங்காயெண்ணெய் மட்டும் ஊரிலிருந்து கொண்டு வந்துவிடு.

ஆட்கள் எப்படி? ஒதுக்குவார்களா?

கடைக்காரம்மா 'மை லவ்' என்று கூப்பிட்டால் பதறாதீர்கள், எல்லாரையும் அப்படித்தான். 'வாட்டியாட்?' என்றால் 'என்ன விசேஷம்?' மாதிரி. பனியில் கார் புதைந்தால் கேட்காமலே மண்வெட்டியோடு வருவார்கள். ஆனால் இங்கே பிறக்காதவர் எத்தனை வருடம் இருந்தாலும் 'வெளியிலிருந்து வந்தவர்'தான், டொராண்டோக்காரரும் அதில் சேர்த்தி. முகத்துக்கு நேரே கசப்பாகப் பேசியவர்களையும் பார்த்திருக்கிறேன், சிலர்தான். வேலை விஷயத்தில் 'உள்ளூர் அனுபவம்' என்ற சுவர் நிஜம். அதை ஏற எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அக்கா, நாங்கள் ஸ்காபரோவிலிருந்து கோடையில் வாறம். 1986-ல எங்கட ஆக்கள் படகில வந்து சேர்ந்த இடத்தைப் பார்க்கேலுமா?

தாராளமாக. 1986 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். செயின்ட் ஷாட்ஸ் கரைக்கு அப்பால் அவர்களைக் கண்டு காப்பாற்றியவர் கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிப் படகுக் கேப்டன். 2016-ல் அந்த 155 பேரில் சிலர் திரும்பி வந்து அவரை நேரில் பார்த்தார்கள். செயின்ட் ஜான்ஸிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். சின்னஞ்சிறு ஊர், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அங்கே கோடையிலும் மூடுபனி இறங்கினால் கடல் கண்ணுக்கே தெரியாது, அதனால் கையில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு வாருங்கோ.