கல்விக் கேள்வி–பதில்: பெயர் பெற்ற பள்ளியும் பல்கலைக்கழக இடமும்

மலேசிய வாசகர்களிடமிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பெயர் பெற்ற பள்ளியில் படிக்காவிட்டால் பல்கலைக்கழக இடம் கிடைக்காதோ என்ற ஒரே கவலையைச் சுற்றியே எழுதப்பட்டிருந்ததால், அவற்றுள் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே விடையளிக்கிறேன். ஒருவருக்குச் சொல்லும் விடை இன்னும் பலருக்குப் பொருந்தும் என்பதால் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயில்கிறாள். வகுப்பில் முதல் மாணவி. பி.கே.எஸ்.கே. நுழைவுத் தேர்வை எழுதவைத்து முழு விடுதிப் பள்ளிக்கோ மாரா அறிவியல் பள்ளியான எம்.ஆர்.எஸ்.எம்.முக்கோ அனுப்பினால்தான் பிற்காலத்தில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்கும் என்று உறவினர்கள் கூறுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சாதாரண இடைநிலைப்பள்ளியில் சேர்த்தால் அவளுடைய வாழ்க்கையை நாங்களே கெடுத்தவர்களாகிவிடுவோமோ என்று அச்சமாக இருக்கிறது.
– ஒரு தாயார், பட்டர்வொர்த்

பதில்: பல்கலைக்கழக இடத்தைக் கணக்கிடும் முறையில் பள்ளியின் பெயருக்கென்று ஒரு கட்டமே கிடையாது, அம்மா. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு. வழியாகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு 100 புள்ளிகளுக்குத் தகுதி கணக்கிடப்படுகிறது. அதில் 90 புள்ளிகள் ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம்., அரசாங்கக் கல்லூரிகளில் பயிலும் மெட்ரிகுலேஷன் போன்ற பல்கலைக்கழக முன்கல்வியில் பெறும் சராசரியிலிருந்தும், மீதமுள்ள 10 புறப்பாட நடவடிக்கைகளிலிருந்தும் வருகின்றன. மருத்துவத்துக்கு இவற்றோடு நேர்முகத் தேர்வும் சேர்ந்துகொள்ளும். 13 வயதில் உங்கள் மகள் எந்தப் பள்ளியின் வாசலில் நுழைந்தாள் என்பது இந்தக் கணக்கின் எந்த வரியிலும் வருவதில்லை.

அதற்காக உங்கள் உறவினர்கள் இல்லாததைச் சொல்கிறார்கள் என்று கருத வேண்டாம். விடுதிப் பள்ளிகளிலிருந்து மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகிறவர்கள் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால், மாநிலம் முழுவதும் சலித்துப் பொறுக்கியெடுத்த விதைநெல்லை ஒரே வயலில் விதைத்துவிட்டு, அறுவடையைக் காட்டி மண்ணை மட்டும் புகழ்ந்தால், ஊர்க்குடியானவர் சிரிப்பார். அந்த மாணவர்களுள் பெரும்பாலோர் வேறெங்கு படித்திருந்தாலும் நன்றாகவே தேறியிருப்பார்கள். பள்ளி கூடுதலாகக் கொடுப்பது எவ்வளவு என்பதைத் தேர்ச்சி விகிதம் காட்டாது. கொடுப்பது நிச்சயமாக ஏதோ உண்டு: இரவு நேரக் கட்டாயப் படிப்பு, குறையில்லாத அறிவியல் கூடம், பாட ஆசிரியர் மாற்றலாகிப் போனால் மாதக்கணக்கில் வெற்றிடம் நிலவாத ஒழுங்கு, தேசிய அளவிலான போட்டிகள், படிப்பதைக் கேலி செய்யாத தோழிகள். கடைசியாகச் சொன்னதை நான் எளிதாக எண்ணவில்லை.

நடைமுறை விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட இரண்டும் ஒரே வாசலில் திறப்பவை என்று நினைத்திருக்கிறீர்கள். பி.கே.எஸ்.கே. என்பது கல்வி அமைச்சின் சிறப்புப் பள்ளிகளுக்கானது. புக்கிட் மெர்தாஜாமிலுள்ள துன் சையத் ஷே ஷஹாபுடின் அறிவியல் இடைநிலைப்பள்ளி இந்த வகையைச் சேர்ந்தது. எம்.ஆர்.எஸ்.எம். என்பது மாரா என்னும் அரசாங்க அமைப்பின் கீழ் வருவது; அதற்கு யு.கே.கே.எம். என்னும் தனித்தேர்வு உண்டு. 1972இல் சிரம்பானில் முதல் எம்.ஆர்.எஸ்.எம். தொடங்கப்பட்டதே, மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினருமான பூமிபுத்ரா மாணவர்களை அறிவியல் துறைக்குக் கொண்டுவருவதற்காகத்தான். பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு அங்குப் பத்தில் ஒரு பங்கு வரை இடம் திறந்துவிடப்பட்டது 2002ஆம் ஆண்டில்தான். ஆகவே இடம் கிடைத்தாலும், அவளுடைய படிவத்தில் தமிழ் பேசும் மாணவியர் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருப்பார்கள். சில பிள்ளைகள் அதில் மலர்கிறார்கள். சிலர் முதல் பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் திரும்பிப் போக மறுக்கிறார்கள். உங்கள் மகள் எந்த வகை என்பதை உறவினர்களைவிட நீங்கள்தான் அறிவீர்கள்.

தேர்வை எழுதட்டும், எழுதுவதால் ஒன்றும் குறைந்துவிடாது. இடம் வந்தால் அந்தப் பள்ளியில் தமிழ்மொழிப் பாடம் உண்டா என்று கேளுங்கள். அதற்கான காரணத்தை அடுத்த விடையில் காண்பீர்கள். வராவிட்டால் பக்கத்துப் பள்ளிக்கே அனுப்புங்கள். காலை 5 மணிக்கு எழுந்து பேருந்தில் தூங்கிக்கொண்டே போகும் தொலைவில் உள்ள புகழ்பெற்ற பள்ளியைவிட, நடந்து போகும் தொலைவில் நல்ல கணித ஆசிரியர் ஒருவர் இருக்கும் பள்ளி மேலானது என்பது என் கருத்து.

கேள்வி: என் மகன் கோலாலம்பூரில் நற்பெயர் வாய்ந்த பழைய பள்ளியொன்றில் மூன்றாம் படிவம் பயில்கிறான். அடுத்த ஆண்டு அறிவியல் பாடங்களை எடுக்கப்போகிறான். பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்தால் 'ஏ' குறைந்து மெட்ரிகுலேஷன் வாய்ப்புப் பறிபோகும், விட்டுவிடுங்கள் என்று பள்ளியிலேயே ஆலோசனை கூறுகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தந்தையார், செந்தூல்

பதில்: ஒரு தாளை எடுத்து உங்கள் மகனின் எஸ்.பி.எம். பாடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள், ஐயா. மலாய்மொழி, ஆங்கிலம், வரலாறு, நன்னெறிக் கல்வி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். எண்ணினால் 9 வருகிறது. பத்தாவது வரி காலியாக இருக்கிறதல்லவா? இப்போது 2024ஆம் ஆண்டு நடுவில் பிரதமர் அறிவித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ'யும் அதற்கு மேலும் பெறும் மாணவர் எந்த இனத்தவராயினும் அவருக்கு மெட்ரிகுலேஷனில் இடம் வழங்கப்படும். பூமிபுத்ராவுக்கு 90 விழுக்காடு, பிறருக்கு 10 விழுக்காடு என்று நெடுங்காலமாக இருந்துவரும் பங்கீட்டில், நம் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் தேடி அலையாமல் கிடைக்கும் உறுதியான வழி இதுதான். ஒன்பது பாடம் மட்டும் எடுத்தவன் ஒன்பதிலும் 'ஏ' வாங்கினாலும் இந்த வழியில் நுழைய இயலாது. தமிழை விடச் சொன்னவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் கணக்குப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பத்தாவது பாடம் தமிழாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. கணக்கியலோ வேறொன்றோ எடுக்கலாம். இருப்பினும், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, வீட்டிலும் தமிழ் பேசும் பையனுக்கு அதைவிட அருகிலிருக்கும் பாடம் எது? தமிழில் 'ஏ' வாங்குவது கடினம் என்ற பயம் முழுக்கப் பொய்யும் அன்று. கட்டுரையும் இலக்கணமும் செய்யுளும் கடைசி இரண்டு மாதத்தில் விழுங்கிவிடக்கூடியவையல்ல. முதலாம் படிவத்தில் விட்டுவிட்டு ஐந்தாம் படிவத்தில் திடீரென்று பதிவு செய்பவர்களே பெரும்பாலும் சறுக்குகிறார்கள். உங்கள் மகன் மூன்றாம் படிவத்தில் இருக்கும்போதே கேட்டிருக்கிறீர்கள், காலம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனமாக இருங்கள்: 'ஏ மைனஸ்' இந்தப் பத்தில் சேராது என்று 2025இல் தெரியவந்தபோது பெரிய சர்ச்சையே எழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் விதிமுறை வெளிவரும்போது அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வகுப்பே இல்லை என்றீர்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும். 15 என்பது ஒரு வகுப்புக்கோ ஒரு படிவத்துக்கோ உரிய எண்ணிக்கையன்று, பள்ளி முழுவதற்கும் உரியது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று வாசலில் நின்று கையொப்பம் வாங்கினால் ஒரே காலையில் நிறைந்துவிடும். என் உறவினர் ஒருவர் அப்படித்தான் வாங்கினார்; எண்ணிப் பார்த்தால் 15க்குப் பதில் 31 பேர் இருந்தார்கள், அதுவரை ஒருவரையொருவர் தெரியாமல். கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வரத் தாமதமானால் வார இறுதி வகுப்பில் படித்து, பள்ளி வழியாகவே தேர்வுக்குப் பதிந்துகொள்ளலாம். பல மாணவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

கேள்வி: நான் பினாங்கு ஃப்ரீ பள்ளியின் பழைய மாணவன். எங்கள் காலத்தில் அந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னாலே மரியாதை. இப்போது பேரனுக்கு அது உதவுமா?
– ஒரு தாத்தா, ஆயர் ஈத்தாம்

பதில்: 1816இல் தொடங்கிய பள்ளி, நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும் திரைக்கலைஞர் பி. ரம்லியும் படித்த பள்ளி. நீங்கள் பெருமைப்படுவதில் தவறேயில்லை. தலைநகரில் 1893இல் தொடங்கிய விக்டோரியா கழகத்தில் படித்தவர்களும், தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன் எங்கள் பள்ளிதான் என்று இதே குரலில்தான் சொல்கிறார்கள். வேலைக்கு நேர்முகம் போகும்போது எதிரே அமர்ந்திருப்பவர் அதே பள்ளிக்காரராக இருந்தால் ஐந்து நிமிடம் சிரித்துப் பேசலாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அதற்கு மேல் ஒன்றுமில்லை, ஐயா. பேரனுக்கு அங்கு உண்மையில் உதவக்கூடியது, அந்தப் பள்ளியில் ஆறாம் படிவமும் இருக்கிறது என்பதுதான்.

கேள்வி: எஸ்.பி.எம். தேர்வில் 8 'ஏ' பெற்றேன். மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. என்னோடு படித்தவர்கள் கெப்பாலா பத்தாஸிலுள்ள மெட்ரிகுலேஷன் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஆறாம் படிவம் போனால் இரண்டாந்தரம் என்று அம்மா வருந்துகிறார். எஸ்.டி.பி.எம். படித்து மெட்ரிகுலேஷன்காரர்களோடு போட்டியிட முடியுமா?
– ஒரு மாணவி, ஜெலுத்தோங்

பதில்: முடியும், மகளே; எளிதாக இருக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். மெட்ரிகுலேஷனின் ஓராண்டுத் திட்டமும் ஆறாம் படிவத்தின் ஒன்றரை ஆண்டும் ஒரே சூத்திரத்தில் வந்து சேர்கின்றன என்பதில் எனக்கும் மனக்குறை உண்டு. இரண்டும் ஒரே கடினத்தன்மை கொண்டவை என்று ஆறாம் படிவத்தில் பாடம் நடத்திய எவரும் ஒப்புக்கொள்வது அரிது. ஆனால் எஸ்.டி.பி.எம். தேர்வு மூன்று பருவங்களாகப் பிரித்து நடப்பதால் ஒரு பருவத்தில் சறுக்கினாலும் மறுபடி எழுதிச் சரிசெய்ய இடமிருக்கிறது. பழைய முறையில் எல்லாமே ஒரே தேர்வில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் அம்மாவிடம் இதையும் சொல்: எஸ்.டி.பி.எம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் தகுதி. மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்காகவே வகுக்கப்பட்டது.

இப்போது எண்களுக்கு வருவோம். 3.92 சராசரி பெற்ற ஒருத்தி, புறப்பாடத்தில் 6 புள்ளி. 3.92ஐ 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்கினால் 88.20, 6 சேர்த்தால் 94.20. இன்னொருத்திக்குச் சராசரி 3.83 மட்டுமே, புறப்பாடத்தில் 9. அவளுடைய கணக்கு 86.18உம் 9உம் சேர்ந்து 95.18. வகுப்பில் யார் கெட்டிக்காரி என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்களோ அவள் பின்தங்கிவிடுகிறாள். பல்கலைக்கழக இடங்கள் ஒரு புள்ளியின் பின்னங்களில் முடிவாகும் இடத்தில் இது சிறிய வேறுபாடன்று. 2025இல், எஸ்.டி.பி.எம். தேர்வில் முழுமையாக 4.00 பெற்ற மாணவர் ஒருவருக்கே அவர் கேட்ட கணக்கியல் துறை கிடைக்காமல் போனது நாடு முழுவதும் செய்தியானதை நீயும் படித்திருப்பாய்.

நான் ஆறாம் படிவத்தில் கற்பித்த காலத்தில் ஒரு மாணவி, முடிவுகள் வெளிவந்த பிறகு ஒரு பழுப்பு நிற உறையோடு வந்து நின்றாள். உள்ளே மாநில அளவிலான கவிதை ஒப்புவிக்கும் போட்டியில் இரண்டாம் பரிசு, மாவட்டப் பூப்பந்தாட்டம், இரத்ததான முகாமில் தொண்டு செய்ததற்கான சான்றிதழ். மூன்றும் அந்த உறைக்குள்ளேயே இருந்தன. பள்ளியில் எவரிடமும் காட்டவில்லை, அதனால் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. "கேட்டால் கொடுத்திருப்பேன் சார்" என்றாள். தகுதிப் புள்ளி அனுப்பப்பட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது.

விடுதிப் பள்ளிகளில் இந்தப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளவே ஆட்கள் இருக்கிறார்கள். சாதாரணப் பள்ளி மாணவி தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறாம் படிவத்தில் நுழைந்த முதல் வாரத்திலேயே ஒரு சீருடை இயக்கம், ஒரு மன்றம், ஒரு விளையாட்டு என்று மூன்றிலும் பெயரைக் கொடு. செயலாளர் பதவி காலியாக இருந்தால் கூச்சப்படாமல் கையை உயர்த்து. ஒவ்வொரு சான்றிதழும் கைக்கு வந்த அன்றே நகலெடுத்துப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிடு. பருவ முடிவில் உன் புறப்பாடப் புள்ளி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டு, கணினித் திரையில் உன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வா.